70 டிகிரி தாங்கிய புரதமும் அதன் தளர்ந்த வாலும்

ஆய்வுக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம். சீனியர் அக்கா ஒரு குழாயை என்னிடம் நீட்டி, "இதைக் கொண்டுபோய் 70 டிகிரி வாட்டர் பாத்தில் அரை மணி நேரம் வை" என்றார். நான் ஒரு வாரம் வளர்த்து, உடைத்து எடுத்த ஈ.கோலை பாக்டீரியாவின் சாறு அது. எனக்குக் கை வரவில்லை. புரதம் என்றால் ஐஸில் வைக்க வேண்டும், 4 டிகிரி அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்க்க வேண்டும் என்றுதான் அதுவரை கற்றிருந்தேன். முட்டையின் வெள்ளைக்கருவே அந்தச் சூட்டில் வெளுத்துக் கெட்டியாகிவிடுமே!

சொன்னபடி வைத்தேன். பத்து நிமிடத்தில் குழாய் முழுக்கத் திரிந்த பால் போல ஆனது. எல்லாம் போய்விட்டது என்றே நினைத்தேன். அக்கா பதறவில்லை. ஐஸில் ஆறவைத்து, சென்ட்ரிஃப்யூஜில் அரை மணி நேரம் சுற்றி எடுத்தார். அடியில் தடிமனாக வெள்ளைக் கட்டி, மேலே வடிகட்டிய இளநீர் போலத் தெளிந்த கரைசல். சூடாக்கும் முன் எடுத்து வைத்த சாற்றையும் இந்தத் தெளிந்த கரைசலையும், புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தோம். சூடாக்குவதற்கு முன் ஏணிப்படி போல எண்ண முடியாத பட்டைகள் இருந்த இடத்தில், சூடாக்கிய பிறகு ஒரே ஒரு தடித்த பட்டையும் நாலைந்து மெல்லிய கோடுகளும் இருந்தன. ஈ.கோலையின் சொந்தப் புரதங்கள் வெந்து அடியில் உட்கார்ந்துவிட்டன. எங்களுடையது அசையாமல் நின்றது.

காரணம், ஈ.கோலைக்குள் நாங்கள் ஏற்றியிருந்த அந்தப் புரதத்தின் மரபணு தெர்மஸ் தெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து வந்தது. ஜப்பானின் இசு தீபகற்பத்தில் உள்ள ஒரு வெந்நீரூற்றில் தைரோ ஓஷிமாவும் கசுதோமோ இமஹோரியும் கண்டெடுத்த உயிரி அது. 70 டிகிரிக்குப் பக்கத்தில்தான் சுகமாக வளரும். இதன் பங்காளி தெர்மஸ் அக்குவாட்டிகஸை 1969-இல் தாமஸ் பிராக் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீரூற்றுகளிலிருந்து விவரித்தார். பி.சி.ஆர் சோதனை என்று இன்று எல்லோரும் சொல்கிறோமே, அதற்கு உயிர் கொடுத்த டாக் நொதி அங்கிருந்து வந்ததுதான். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் சிறிய பாதியைப் படிகமாக்கியதும் தெர்மஸ் தெர்மோஃபிலஸிலிருந்து எடுத்துத்தான். 2009 நோபல் பரிசில் அந்தச் சின்ன உயிரிக்கும் ஒரு பங்கு உண்டு என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இப்படிச் சூட்டில் வாழும் வெப்பவிரும்பிகளின் புரதங்களைப் படிக ஆய்வாளர்கள் தேடிப் போவதற்குக் காரணம் இருக்கிறது. அவை இறுக்கமாக மடிந்தவை. எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட பக்கக் கிளைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும், வளைவுகள் பெரும்பாலும் குட்டையாக இருக்கும், உள்ளே காலி இடம் குறைவு. சென்னையின் சாதாரண அறை வெப்பம் அவற்றுக்குக் குளிர்காலம் மாதிரி. மேசையில் ஒரு வாரம் கிடந்தாலும் கெடாது. இவ்வளவு உறுதியான மூலக்கூறு சீக்கிரம் வரிசையில் நிற்கும், படிகமாகும் என்று எல்லோரையும் போல நானும் நம்பினேன். அந்த நம்பிக்கை ஒன்றரை ஆண்டை எடுத்துக்கொண்டது. இனி இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு அந்த ஒன்றரை ஆண்டில் பாதியாவது மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படிகம் எதற்கு என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு புரத மூலக்கூறு எக்ஸ் கதிரைச் சிதறடிப்பது மிகமிகச் சொற்பம். கோடானுகோடி மூலக்கூறுகள் ஒரே திசையைப் பார்த்து அணிவகுத்து நின்றால்தான் அந்தச் சிதறல்கள் ஒன்றுசேர்ந்து அளக்கக்கூடிய புள்ளிகளாக விழும். அந்தப் புள்ளிகளின் இடத்தையும் அடர்த்தியையும் வைத்து, அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று கணக்கிட்டு வரைகிறோம். சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டுக் கல்கண்டு எடுப்பதும் இதே வேலைதான். பாகு நீர்த்திருந்தால் ஒன்றும் வராது, அவசரப்பட்டுக் காய்ச்சினால் பொடியாக இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்தப் பதம்தான் எல்லாம்.

இந்த வேலைக்குச் சென்னையில் ஒரு நீண்ட மரபு உண்டு. 1952-இல் ஜி.என்.ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1954-இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து கொலாஜனின் மூன்றிழை அமைப்பை முன்வைத்தார். 1963-இல் சி.ராமகிருஷ்ணன் (மேலே சொன்ன வெங்கி அல்ல, வேறொருவர்), சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று காட்டும் வரைபடத்தை வெளியிட்டார். அந்த ராமச்சந்திரன் வரைபடத்தை இன்றும் உலகத்தில் எந்தப் புரத அமைப்பைத் தீர்த்தாலும் கடைசியில் எடுத்துப் பார்க்கிறார்கள். கிண்டி வழியாகப் பேருந்தில் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வரும். அதே ஊரில் அதே வேலையைச் செய்கிறோம் என்பது சோர்ந்த நாட்களில் ஒரு பிடிமானமாக இருந்தது.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் அடி சூடாக்கும் படியிலேயே விழுந்தது. அக்கா செய்தபோது நன்றாக வந்தது, நான் தனியாகச் செய்தபோது பாதிப் புரதம் வெள்ளைக் கட்டியோடு போய்விட்டது. நாலு முறை அப்படியே. அக்கா பாஸ்பேட் பஃபர் பயன்படுத்துவார். பஃபர் என்பது பி.எச் அளவை, அதாவது அமில-கார நிலையை, நிலையாக வைத்திருக்கும் கரைசல். நான் சுலபமாக இருக்கிறதே என்று டிரிஸ் பஃபருக்கு மாறியிருந்தேன். டிரிஸின் பி.எச் வெப்பத்தோடு இறங்கும், ஒரு டிகிரிக்குச் சுமார் 0.028. 25 டிகிரியில் 8.0 என்று அளந்து வைத்த பஃபர் 70 டிகிரியில் ஏறக்குறைய 6.7-க்கு வந்துவிடும். என் புரதத்தின் சமமின் புள்ளி 6.7. நிகர மின்னூட்டம் இல்லாமல் போகும் இடத்துக்கு நானே அதைச் சூடாக்கிக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். அந்த நிலையில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வீழ்படிவாகிவிடும். பாஸ்பேட்டுக்குத் திரும்பியதும் இழப்பு நின்றது. சூடாக்கும் படி வைத்திருக்கும் யாரும் முதலில் பஃபரைப் பாருங்கள். பாஸ்பேட்டின் பி.எச் வெப்பத்தால் அதிகம் மாறாது, ஹெப்பிஸ் என்ற இன்னொரு பஃபர் டிரிஸில் பாதி அளவுதான் மாறும்.

இன்னொன்று, 50 மில்லி குழாயை அப்படியே வாட்டர் பாத்தில் நிறுத்தினால் நடுவில் இருக்கும் சாறு சூடாகப் பத்து நிமிடம் பிடிக்கும். 10 மில்லி 10 மில்லியாகப் பிரித்து, இடையிடையே ஆட்டிவிடுங்கள். எத்தனை டிகிரி என்பதையும் ஊகத்தில் முடிவு செய்ய வேண்டாம். 100 மைக்ரோலிட்டர் வீதம் ஐந்து குழாய்கள், 50-இலிருந்து 10 டிகிரி இடைவெளியில் 90 வரை, ஒரு ஜெல். ஒரே நாள் மாலையில் விடை தெரிந்துவிடும்.

சூடாக்கினால் புரதம் சுத்தமாகிவிடும் என்று நினைத்து அடுத்த படிகளைக் குறைப்பதும் தவறு. டி.என்.ஏ, ஆர்.என்.ஏ துண்டுகள் சூட்டில் வெந்து விழுவதில்லை, தெளிந்த கரைசலிலேயே தங்கிவிடும். ஜெல்லில் ஒற்றைப் பட்டையைப் பார்த்து மகிழ்ந்துபோய் ஆறு மாதம் படிகத்துக்காகச் சொட்டு வைத்தேன். பிறகு ஒரு நாள் என் ஆய்வு வழிகாட்டியான சார், "260-280 விகிதம் பார்த்தாயா?" என்று கேட்டார். 260, 280 நானோமீட்டர் ஒளியைக் கரைசல் எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற விகிதம் அது, டி.என்.ஏ கலந்திருந்தால் ஏறும். பார்த்தேன், 1.3. சுத்தமான புரதத்துக்கு 0.6 அருகில் இருக்க வேண்டும். புரதத்தைப் பிடித்துவைக்கும் நிக்கல் பிரிப்புக் குழாயில் (column) புரதம் ஒட்டியிருக்கும்போதே 1 மோலார் உப்புக் கரைசலால் நன்றாகக் கழுவி, அதற்குப் பின் ஹெப்பாரின் பிரிப்புக் குழாயிலும் ஓட்டிய பிறகுதான் அது இறங்கியது. அந்த ஆறு மாதச் சொட்டுகளை நினைத்து இன்றும் வருத்தம்தான். இரண்டு நிமிட அளவீடு அது.

சொட்டு வைக்கும் முறையைச் சொல்கிறேன். 24 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியிலும் அரை மில்லி வீழ்படிவாக்கிக் கரைசல், பெக் (பாலிஎத்திலீன் கிளைகால்) அல்லது அம்மோனியம் சல்பேட் போன்றது. ஒரு கவர்ஸ்லிப்பின் மேல் 1 மைக்ரோலிட்டர் புரதமும் 1 மைக்ரோலிட்டர் குழிக் கரைசலும் சேர்த்து, குழியின் விளிம்பில் கிரீஸ் தடவி, கவிழ்த்து மூடவேண்டும். சொட்டு கண்ணாடியில் தலைகீழாகத் தொங்கும். சொட்டில் பெக் பாதி அளவுதான் இருப்பதால், நீராவி மெல்ல மெல்லக் குழிக்கு இறங்கும். நாட்கணக்கில் சொட்டு சுருங்கிப் புரதம் செறிவாகும். கேளம்பாக்கம் பக்கம் உப்பளங்களைப் பார்த்தவர்களுக்குப் புரியும். பாத்தியில் கடல்நீர் வற்றுகிற அதே கதை, இங்கே ஒரு கடுகளவு சொட்டில்.

சென்னையில் இதைச் செய்யும்போது கவனிக்க வேண்டியவை புத்தகத்தில் இருக்காது. முதலாவது மின்விசிறி. 2 மைக்ரோலிட்டர் சொட்டு, ஓடும் விசிறியின் கீழ் ஒரு நிமிடத்தில் ஓரம் காய்ந்து தோல் கட்டிவிடும். மே மாதமானாலும் விசிறியை நிறுத்திவிட்டுத்தான் சொட்டு வைக்க வேண்டும். இரண்டாவது, ஏசி அறையிலிருந்து குளிர்ந்த தட்டை வராந்தாவுக்குக் கொண்டுபோனால் மூடியில் வியர்க்கும். அந்த நீர் சொட்டில் கலந்தால் கணக்கு மாறிவிடும். மைக்ரோஸ்கோப்பை ஏசி அறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது மின்தடை. ஏசி நின்று, வந்து, மறுபடி நின்றால் அறை 20-க்கும் 30-க்கும் இடையில் ஊசலாடும். சொட்டுகள் அதைத் தாங்காது. நான் தட்டுகளைத் தெர்மகோல் பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை அடுக்குவேன். வெளியே வெப்பம் எப்படி மாறினாலும் உள்ளே மெதுவாகத்தான் மாறும். செலவு நூறு ரூபாய்கூட ஆகவில்லை. விலை உயர்ந்த இன்குபேட்டருக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கும் ஆய்வகங்கள் முதலில் இதைச் செய்து பார்க்கலாம்.

உப்புப் படிகத்தில் ஏமாறாத மாணவர் யாரும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஒரு சொட்டில் ஆறு பக்கம் வெட்டிய வைரம் போல ஒன்று மின்னியது. ஆய்வகம் முழுக்கக் கூடிவிட்டது. அக்கா மட்டும் அமைதியாகப் பார்த்துவிட்டு, "குழியில் என்ன இருக்கிறது?" என்றார். மெக்னீசியம் குளோரைடு. என் புரதக் கரைசலில் பாஸ்பேட். இரண்டும் சேர்ந்தால் என்ன வரும் என்று பள்ளி வேதியியல் படித்த யாரும் சொல்லிவிடலாம். நுண்ணிய ஊசியால் தொட்டபோது டக்கென்று உடைந்தது. புரதப் படிகத்தில் ஏறக்குறையப் பாதி தண்ணீர்தான். தொட்டால் மெத்தென்று நொறுங்கும், நீலச் சாயத்தை உறிஞ்சி நிறம் ஏறும். அதற்குப் பிறகு நான் இரண்டு பழக்கங்களை விடவேயில்லை. சூடாக்கும் படிக்கு மட்டும் பாஸ்பேட், சொட்டு வைக்கும் முன் உப்பு குறைந்த ஹெப்பிஸ் பஃபருக்கு மாற்றிவிடுவது ஒன்று. புரதம் இல்லாமல் பஃபரை மட்டும் வைத்து ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சொட்டு பக்கத்திலேயே போடுவது இன்னொன்று. இரண்டு சொட்டிலும் வளர்ந்தால் அது உப்பு.

இதையெல்லாம் சரி செய்த பிறகும் படிகம் வரவில்லை. புரதம் சுத்தம், விகிதம் 0.58, ஒளிச்சிதறல் சோதனையில் ஒரே அளவான இரட்டை மூலக்கூறுகள், செறிவு மில்லிக்கு 10 மில்லிகிராம். நிக்கலில் ஒட்டுவதற்காகப் புரதத்தில் மாட்டியிருந்த ஆறு ஹிஸ்டிடின் துண்டையும் திராம்பின் என்ற நொதியைப் போட்டு வெட்டிவிட்டோம். ஆயிரத்துக்கும் மேல் சொட்டுகள். சிலது தெளிவாகவே இருந்தன, சிலதில் பழுப்பு நிற வீழ்படிவு, சிலதில் எண்ணெய்த் துளி போலப் பிரிந்து நின்றது. படிகம் மட்டும் இல்லை. வெப்பவிரும்பிப் புரதங்களின் மேற்பரப்பில் லைசினும் குளுட்டமிக் அமிலமும் நிறைய இருக்கும். அவற்றின் நீண்ட கிளைகள் ஆடிக்கொண்டே இருப்பதால் பக்கத்து மூலக்கூறு நெருங்கி ஒட்ட முடியாது. அதனால் லைசின்களை மெத்தில் சேர்த்து மாற்றிப் பார்க்கலாம் என்றும், இல்லையென்றால் வேறு புரதத்துக்கு மாறலாம் என்றும் பேச்சு வந்தது. அந்த நிலையில்தான் 2016 டிசம்பர் வந்தது.

டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. அந்த நாளைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள், வளாகங்களில் நூறு வயது மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. எங்கள் பகுதியில் மின்சாரம் வர நாலு நாள் ஆனது. ஜெனரேட்டர் முதல் நாள் இரவோடு நின்றது, டீசல் கொண்டுவர வழியில்லை, சாலையெல்லாம் மரம். மூன்றாம் நாள் நடந்தே ஆய்வகத்துக்குப் போனேன். மைனஸ் 80 ஃப்ரீசரின் கதவைத் திறந்தபோது தண்ணீர் வடிந்தது. உள்ளே எல்லாக் குழாய்களும் உருகிப்போய், அழுகல் வாடை. அக்கா மனிதப் புரதம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தார். எட்டு லிட்டர் வளர்ப்பிலிருந்து சேர்த்து வைத்த செல்கள் முழுக்கக் கெட்டுப்போயின. அவர் ஒன்றும் பேசாமல் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

என் குழாய்களையும் கொட்டப் போனேன். சார் தடுத்தார். "இரும்மா. உன்னோடது வெந்நீரூற்றுப் பொருள். சூடு பண்ணிப் பாரு" என்றார். மின்சாரம் திரும்பிய அன்றே செய்தேன். வழக்கம்போல வெள்ளைக் கட்டி கீழே, தெளிந்த கரைசல் மேலே. ஜெல்லில் ஒரே பட்டை. செல்கள் உருகி உடைந்து, ஈ.கோலையின் புரதம் வெட்டும் நொதிகள் இரண்டு நாள் சுதந்திரமாக உலாவிய சாற்றில் என் புரதம் முழுசாக இருந்தது. அப்படித்தான் முதலில் நினைத்தேன்.

ஜெல்லை வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தபோது பட்டை ஒரு மயிரிழை கீழே இருப்பது போலத் தோன்றியது. ஜெல் கோணலாக ஓடியிருக்கலாம். பழைய மாதிரியையும் புதியதையும் பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் போட்டு, 15 சதவீத ஜெல்லில் நீண்ட நேரம் ஓட்டினேன். சந்தேகமே இல்லை, புதியது சின்னது. மூலக்கூறின் எடையைக் காட்டும் நிறைமாலைக் கருவியில் அளந்ததில் முழுப் புரதத்தைவிடச் சுமார் 1,560 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) குறைவு. வரிசையை எடுத்து எண்ணிப் பார்த்தோம். கடைசி முனையில் 14 அமினோ அமிலங்கள் போயிருந்தன. கிளைசினும் புரோலினும் குளுட்டமிக் அமிலமுமாக இருந்த ஒரு துண்டு அது. எந்த வடிவத்துக்கும் மடியாமல் காற்றில் ஆடும் நூல் போல இருந்திருக்க வேண்டும்.

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. 70 டிகிரி தாங்குகிறது என்பதை வைத்து, புரதம் முழுக்க இறுக்கமானது என்று நினைத்துக்கொண்டேன். சூடு தாங்குவது மடிந்த பகுதி. மடியாத வாலுக்குக் குலைவதற்கு ஒன்றும் இல்லை, அதனால் எந்தச் சூட்டிலும் அது வீழ்படிவாகாமல் உடன் வந்துவிடும். சூடாக்கும் படி அந்த வாலைக் காட்டிக்கொடுக்காது. ஜெல் காட்டாது. ஒளிச்சிதறலும் காட்டாது. ஆனால் வரிசையில் நிற்க வேண்டிய ஒவ்வொரு மூலக்கூறிலும் 14 அமினோ அமில நீளத்துக்கு ஒரு வால் ஒவ்வொரு பக்கம் ஆடிக்கொண்டிருந்தால் அணி எப்படிச் சேரும்? புரதம் வெட்டும் நொதிகள் இறுக்கமான உடம்பில் பல் வைக்க முடியாமல், எட்டிய தளர்ந்த நுனியை மட்டும் தின்றுவிட்டன.

அந்தப் புயல் மாதிரியில் சொட்டு வைத்தேன். ஒன்பதாம் நாள் காலை, பெக் 4000-உம் அம்மோனியம் அசிடேட்டும் பி.எச் 5.6 சிட்ரேட்டும் இருந்த குழியில் பூனை முடி போன்ற ஊசிகள் கொத்தாக நின்றன. பக்கத்து பஃபர் சொட்டு தெளிவாக இருந்தது. ஊசிகளைக் கழுவி ஜெல்லில் ஓட்டினேன், அதே சின்ன பட்டை. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். தன் வேலை போன துக்கத்திலும் அவர் என் தோளைப் பிடித்து அழுத்திய அழுத்தம் எனக்கு நினைவிருக்கிறது.

புயலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, இதை முதல் மாதத்திலேயே செய்திருக்கலாம். அளவான நொதிவெட்டு என்று பெயர். புரதத்தை ஆயிரத்துக்கு ஒரு பங்கு டிரிப்சினோடு சேர்த்து, 5, 15, 30, 60 நிமிடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து நிறுத்தி, ஜெல்லில் ஓட்டவேண்டும். பட்டை ஒரு படி இறங்கி அங்கேயே நின்றால், நிற்கும் துண்டுதான் படிகத்துக்கு ஏற்றது. நிறைமாலையில் அளந்து எங்கே வெட்டுப்பட்டது என்று கண்டுபிடித்துவிடலாம். டிரிப்சின் லைசின், ஆர்ஜினின் பக்கத்தில் மட்டுமே வெட்டும் என்பதால் கைமோடிரிப்சினையும் சேர்த்துப் பாருங்கள். வெப்பவிரும்பிப் புரதத்தில் இது இன்னும் வசதி, மடிந்த உடல் வெட்டுப்படாமல் நிற்கும்.

இன்று இன்னொரு வழியும் இருக்கிறது. அமினோ அமில வரிசையை வைத்துப் புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு நிரலான ஆல்ஃபாஃபோல்டின் கணிப்புகள் 2021 ஜூலை முதல் பொதுவில் கிடைக்கின்றன. ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் நம்பிக்கை மதிப்பெண் தருகிறது. 50-க்குக் கீழ் வரும் பகுதி பெரும்பாலும் மடியாமல் ஆடும் பகுதி. குளோனிங்குக்கு, அதாவது மரபணுவை ஈ.கோலைக்குள் ஏற்றுவதற்கு, முன்பே அதைப் பார்த்து, முனைகளை வெட்டியும் வெட்டாமலும் மூன்று நாலு வடிவங்கள் செய்துகொள்ளலாம். அப்படியானால் படிகமாக்கல் எதற்கு என்று மாணவர்கள் கேட்கிறார்கள். ஒரு மருந்து மூலக்கூறு எந்தக் கோணத்தில் உட்காருகிறது, எந்தத் தண்ணீர் மூலக்கூறு நடுவில் நிற்கிறது, ஒரு மாற்றம் எதை நகர்த்துகிறது என்றெல்லாம் தெரிய வேண்டுமானால் அளந்துதான் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கணிப்பு வேலையைத் தொடங்கி வைக்கும், முடித்துத் தராது.

உருகிய குழாய்கள் தீர்ந்துபோகும் என்பதால், மரபணுவில் அந்த 14-க்கு முன்பே நிறுத்தக் குறியை வைத்துப் புதிதாகக் குளோன் செய்தோம். தெர்மஸின் டி.என்.ஏ-வில் ஜி, சி எழுத்துகள் சுமார் 69 சதவீதம், பி.சி.ஆர் சண்டித்தனம் செய்யும். 5 சதவீதம் டி.எம்.எஸ்.ஓ என்ற கரைப்பானைச் சேர்த்த பிறகுதான் பட்டை வந்தது. புதிய புரதமும் அதே குழியில் அதே ஊசிகளைத் தந்தது.

ஊசிகள் எக்ஸ் கதிருக்குப் போதாது, பருமன் வேண்டும். அதற்கு விதையிடல். தயிருக்கு உறை ஊற்றுகிற வேலைதான். ஊசிகளை நொறுக்கி, குழிக் கரைசலில் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு, பத்தாயிரம் மடங்கு என்று நீர்க்க வைத்து, பூனையின் மீசை முடியை அதில் தோய்த்து, பெக் குறைவாக வைத்த புதுச் சொட்டில் ஒரு கோடு இழுக்க வேண்டும். உறை அதிகமானால் ஆயிரம் குட்டிப் படிகங்கள் வரும், ஒன்றும் வளராது. எனக்குப் பத்தாயிரம் மடங்கில்தான் சரியாக வந்தது. பெக்கை 30 சதவீதத்திலிருந்து 16-க்கு இறக்கியிருந்தேன். மூன்று வாரத்தில் 0.2 மில்லிமீட்டர் நீளப் பட்டகங்கள் ஐந்தாறு.

படிகத்தைச் சொட்டிலிருந்து எடுக்கும் கணம்தான் எல்லாவற்றையும் கெடுக்கக்கூடியது. 1934-இல் பெர்னாலும் டோரதி ஹாட்ஜ்கினும் பெப்சின் படிகத்தை அதன் தாய்க் கரைசலில் நனைந்தபடியே வைத்து எக்ஸ் கதிர் எடுத்தபோதுதான் முதன்முதலாகப் புரதத்திலிருந்து தெளிவான புள்ளிகள் கிடைத்தன. காய்ந்தால் வரிசை குலைந்துவிடும். எனவே மறுபடியும் விசிறியை நிறுத்துங்கள். எக்ஸ் கதிரில் வைப்பதற்காகப் படிகத்தைத் திரவ நைட்ரஜனில் உறையவைக்கும்போது பனிக்கட்டி உருவாகாமல் இருக்கக் கிளிசரால் வேண்டும். நேராக 20 சதவீதத்தில் போட்டதும் என் முதல் இரண்டு படிகங்கள் விரிசல் விட்டன. 5, 10, 15, 20 என்று படிப்படியாக, ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் வைத்தபோது தாங்கின. சென்னையின் ஈரக்காற்றில் திறந்து வைத்த திரவ நைட்ரஜனில் சில நிமிடங்களிலேயே வெண்பனித் துகள்கள் மிதக்கும். அவை படிகத்தில் ஒட்டினால் படத்தில் 3.9, 3.7, 3.4 ஆங்ஸ்ட்ராம் (ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) இடங்களில் வளையங்கள் விழும். நைட்ரஜனைத் தெர்மகோல் மூடியால் மூடியே வையுங்கள், பனி கண்ணில் பட்டால் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.

உள்ளூர்க் கருவியில் 2.7 ஆங்ஸ்ட்ராம் வரை புள்ளிகள் தெரிந்தன, இந்த எண் குறையக் குறையப் படம் துல்லியமாகும். பிறகு மீதிப் படிகங்களை நைட்ரஜன் கலனில் வைத்து மிக வலுவான எக்ஸ் கதிர் தரும், இந்தூரில் உள்ள இண்டஸ்-2 சிங்க்ரோட்ரானின் பிஎக்ஸ்-பிஎல்21 கதிர்வழிக்குக் கொண்டுபோனோம். அங்கே 1.9 கிடைத்தது. 38 சதவீத ஒற்றுமை உள்ள ஒரு பழைய அமைப்பைத் தேடுமாதிரியாக வைத்துத் தீர்த்தோம். கடைசியில் ராமச்சந்திரன் வரைபடத்தைத் திறந்தபோது புள்ளிகள் எல்லாம் அனுமதிக்கப்பட்ட தீவுகளுக்குள் போய் உட்கார்ந்திருந்தன. சார் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நம்ம ஊர்ப் படம்" என்றார்.

நான் முதலில் தேடியது கடைசி முனையை. எலெக்ட்ரான் அடர்த்தி வரைபடத்தில் சங்கிலி தெளிவாக ஓடி வந்து, நாங்கள் நிறுத்தக் குறி வைத்த இடத்துக்கு இரண்டு அமினோ அமிலம் முன்னால் மங்கி நின்றது. படிகத்தின் அடுத்த மூலக்கூறையும் திரையில் வரவழைத்தேன். அதன் முதுகு, இந்த முனைக்கு நேர் எதிரே 4 ஆங்ஸ்ட்ராம் தூரத்தில் ஒட்டி நின்றது. வெட்டுப்பட்ட 14-க்கும் அங்கே இடமே இல்லை.